ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறீர்களா? ரசத்துக்கு ஏங்கி உட்காராமல் இருக்க ஒரு முழு வழிகாட்டி

ஜெர்மனிக்குப் போன மூன்றாவது வாரம் நான் முதன்முதலாக ரசம் வைத்தேன். சளி, லேசான காய்ச்சல், வெளியே நவம்பர் இருட்டு, நாலரை மணிக்கே சூரியன் போய்விட்டது. பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் சீரகம் என்று நினைத்து ஒரு பாக்கெட் வாங்கி வந்து, மிளகோடு தட்டிப் போட்டு, நுரை கட்டி இறக்கி, ஒரு வாய் குடித்தால், ஏதோ பேக்கரிக்குள் உட்கார்ந்து கஷாயம் குடிக்கிற மாதிரி இருந்தது. ஜெர்மனில் க்யூமல் என்றால் சீரகம் இல்லை. அது கேரவே என்கிற வேறு விதை, ரொட்டியிலும் முட்டைகோஸிலும் போடுவார்கள். நம் சீரகத்துக்கு அங்கே க்ரொய்ட்ஸ்க்யூமல் என்று பெயர். முன்னால் அந்த க்ரொய்ட்ஸ் இல்லையென்றால் ரசம் இல்லை.

அந்த மாதிரி நான் செய்த தப்புகளையும், பிறகு சரிசெய்துகொண்டதையும் வரிசையாக எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

1. கிளம்பும் முன்: நாக்கு எதைக் கேட்கப்போகிறது?

எல்லோரும் பிரியாணிக்கும் பரோட்டாவுக்கும்தான் ஏங்குவோம் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். நிஜத்தில் அப்படி நடப்பதில்லை. பிரியாணி ஊரில் இருந்தபோதும் வாரத்துக்கு ஒரு முறைதான். காணாமல்போனது உறைப்பது தினமும் கவனிக்காமல் சாப்பிட்ட சாப்பாட்டில்தான்: ரசம், தயிர் சாதம், தோசை ஓரத்து முறுகல், கடுகு வெடிக்கிற வாசனை, புளியின் அந்த ஒரு சுள்ளென்ற புளிப்பு. என் அனுபவத்தில் ஏக்கம் மொத்தமும் நாலு விஷயத்தில் அடங்கிவிடுகிறது. புளிப்பு, தாளிப்பு, புளித்த மாவு, தயிர். இந்த நாலையும் அங்கே உண்டாக்கத் தெரிந்துவிட்டால் நடுவில் பாஸ்தா சாப்பிட்டாலும் பிரெட் சாப்பிட்டாலும் பெரிய வருத்தம் வராது.

அதனால் கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம் வீட்டில் தினமும் சாப்பிடுவதை ஃபோனில் குறித்து வையுங்கள். விசேஷ நாளை விட்டுவிடுங்கள், சாதாரண செவ்வாய்க்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் வேண்டும். என் பட்டியலில் பதினாலு நாளில் பதினொரு நாள் ரசம் இருந்தது. எனக்கே தெரியாது.

2. அம்மாவின் கைப்பிடியை எடை போடுங்கள்

வீட்டில் யார் சமைக்கிறார்களோ அவர்களிடம் ரெசிபி கேட்டால் கிடைக்கும் பதில் "கொஞ்சம் புளி, கண்ணளவு உப்பு, வாசம் வந்ததும் இறக்கிடு." இதை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு சின்ன சமையல் தராசு வாங்குங்கள். அம்மா புளியைக் கையில் எடுத்ததும் பாத்திரத்தில் போட விடாமல் தராசில் போடச் சொல்லுங்கள். பருப்பு, அரிசி, மிளகாய்த்தூள், உப்பு எல்லாமே இப்படித்தான். முதல் நாள் திட்டுவார்கள், இரண்டாவது நாள் அவர்களுக்கே சுவாரசியம் வந்துவிடும். என் அம்மாவின் "ஒரு எலுமிச்சை அளவு புளி" 28 கிராம் வந்தது, அத்தை கையில் அதே எலுமிச்சை 40 கிராம். எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டுக் குழம்பு புளிக்கும் என்று இருபது வருடமாக நடக்கிற தகராறுக்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

வீடியோவும் எடுங்கள், ஆனால் முகத்தை விட்டுவிட்டு வாணலியை எடுங்கள். வெங்காயம் எந்த நிறத்தில் இருக்கும்போது அடுத்தது போடுகிறார்கள், எண்ணெய் எப்போது பிரிகிறது என்பதெல்லாம் வார்த்தையில் வராது.

3. பெட்டியில் எது, எது கூடாது

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக்கூடாது. சொந்த உபயோகத்துக்கு, கொஞ்சம்தான், என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. அப்படியென்றால் நெய் கூடாது, பால்கோவா கூடாது, மோர் மிளகாயும் தயிரில் ஊறியது என்பதால் வம்புதான். சிக்கன் ஊறுகாய் நிச்சயமாகக் கூடாது. மீன் மட்டும் விதிவிலக்கு, ஒருவருக்கு 20 கிலோ வரை அனுமதி, அதில் உலர்ந்த மீனும் சேர்த்தி. ஆக ஒரு கரண்டி நெய்யோடு போக முடியாது, ஒரு மூட்டை கருவாட்டோடு போகலாம். கருவாடு வறுத்த பிறகு விடுதியில் உங்களை வைத்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய், பழம், இலை எதற்குமே தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் வேண்டாம். பாட்டி கிளம்பும்போது ஈரத்துணியில் சுற்றிக் கொடுக்கிற கறிவேப்பிலை இந்த விதிக்குள் வரும், வாங்கி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கொப்பரைத் தேங்காயில் எண்ணெய் அதிகம், தீப்பற்றும் என்பதால் நம் ஊர் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். துபாய் வழியாகப் போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம், ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். ஜெர்மனியில் கசகசா கேக்கே பேக்கரியில் விற்கிறது, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

சரி, எதைக் கொண்டு போவது? அங்கே கிடைக்காதது, அல்லது கிடைத்தாலும் வீட்டு ருசி வராதது மட்டும். வீட்டில் அரைத்த சாம்பார் பொடி ஒரு கிலோ, ரசப்பொடி அரைக் கிலோ, இட்லிப் பொடி, பழைய புளி அரைக் கிலோ, கட்டிப் பெருங்காயம், சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல், ஃபில்டர் காபிப் பொடி, ஃபில்டர். வெங்காய வடகம் பழக்கமிருந்தால் அதுவும். பொடிகளை இரண்டு கவரில் போட்டு மேலே என்ன பொடி என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். ஊறுகாயை செக்-இன் பெட்டியில் மட்டும் வையுங்கள், பாட்டில் வாயில் டேப் சுற்றி இரண்டு ஜிப் கவருக்குள். அப்படியும் என் ஒரு சட்டை இன்றுவரை ஆவக்காய் வாசனை அடிக்கிறது.

அரிசி, பருப்பு, எண்ணெய் வேண்டவே வேண்டாம். பெட்டிக்குக் கிடைப்பது பெரும்பாலும் 23 கிலோ, இவை அங்கே கிடைக்கின்றன. நான் முதல் தடவை அஞ்சு கிலோ பொன்னி கொண்டு போனேன், கனமான ஜாக்கெட்டை ஊரிலேயே விட்டுவிட்டு. அதற்கு விலை நவம்பரில் கொடுத்தேன்.

பாத்திரம் என்றால் ஒரு மூன்று லிட்டர் குக்கர். ஸ்டீல், இண்டக்‌ஷன் அடிப்பாகம் உள்ளதாக. அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடே ஆகாது, கடையிலேயே ஒரு காந்தத்தை அடியில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் வாங்குங்கள். மறக்காமல் கூடுதலாக ஒரு கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும். ஐந்து ரூபாய் சாமான் மாதிரி தோன்றும், கேஸ்கெட் தளர்ந்த அன்றைக்கு அதன் அருமை தெரியும், அந்த அளவில் அங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. உருண்டை அடி வாணலி பயன்படாது, ஜெர்மன் விடுதிகளில் அடுப்பு பெரும்பாலும் தட்டையான கண்ணாடிப் பரப்பு. சொரசொரப்பான இரும்பு தோசைக்கல்லை அதன்மேல் இழுத்தால் கீறல் விழும், அறையைக் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடிப்பார்கள். மிக்ஸி கொண்டு போகலாமா என்றால் கொண்டு போகலாம். மின்சாரம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ப்ளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். எர்த் பின் வேலை செய்கிற நல்ல அடாப்டராக வாங்குங்கள். கனம் நாலைந்து கிலோ வரும், அதை யோசித்துக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயம்: தோசை இல்லாமல் இருக்க முடியாதவர் கொண்டு போகட்டும், மற்றவர்கள் சட்னி ஜார் அளவில் அங்கே ஒரு சின்ன பிளெண்டர் வாங்கினால் போதும்.

4. முதல் வாரம்: மூன்று விதமான கடைகள்

போய் இறங்குகிற நாள் சனிக்கிழமை மாலையாக இருக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் மூடியிருக்கும், பொது விடுமுறையிலும் அப்படியே. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கிற கடைகள் மாதிரி சில மட்டும் திறந்திருக்கும். எப்படியும் கையில் இரண்டு நாள் சாப்பாடு, ரெடிமேட் புளியோதரைப் பொடி மாதிரி ஏதாவது, இருக்கட்டும்.

முதல் வகை சாதாரண சூப்பர் மார்க்கெட்: ஆல்டி, லிடில், ரெவே, எடேக்கா. இங்கே நமக்கு வேண்டியது நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது, பெயர்தான் தெரியாது. பார்பாயில்ட் என்று எழுதியிருக்கும் நீள அரிசி நம் புழுங்கல் அரிசியின் தூரத்து உறவு. பைக்குள் பையாகப் போட்டு விற்கிற அரிசியை மட்டும் தவிருங்கள், அதைப் பையோடு வேகவைத்து எடுக்க வேண்டும், குழம்புக்கு ஒட்டவே ஒட்டாது. மில்ஷ்ரைஸ் என்பது பால் பாயசத்துக்காக விற்கிற குண்டு அரிசி, குழைந்து வரும். தயிர் சாதத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அதைவிடப் பொருத்தமானது அங்கே இல்லை, இது எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது.

ரவை வாங்கும்போது கவனம். வைஷ்வைட்சன்கிரீஸ் என்பது மென்கோதுமை, உப்புமா கூழாகிவிடும். ஹார்ட்வைட்சன்கிரீஸ் என்ற கடினக் கோதுமை ரவையை வாங்கி வறுத்துச் செய்தால் பொலபொலவென்று வரும். சிவப்பு நிறத்தில் தூள் இருக்கிறதே என்று பாப்ரிகா வாங்கிவிடாதீர்கள், அது குடைமிளகாய் ஜாதி, இனிக்கும், காரம் இருக்காது. மஞ்சள் அங்கே குர்குமா. வெந்தயம் பாக்ஸ்ஹோர்ன்க்ளே, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெருங்காயத்துக்கு ஜெர்மன் பெயர் டாய்ஃபல்ஸ்ட்ரெக், நேராகச் சொன்னால் பிசாசின் கழிவு. என் அறைத்தோழன் இதைச் சொல்லிவிட்டு அரை நாள் சிரித்தான், பிறகு அவனே ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான்.

பால் பக்கம் வந்தால் ஜெர்மனி நம்மைத் தோற்கடித்துவிடும். புட்டர்ஷ்மால்ஸ் என்று டப்பாவில் இருப்பது உருக்கிய வெண்ணெய், பொங்கலுக்குத் தாராளமாகப் போடலாம். இன்னும் வீட்டு வாசனை வேண்டுமென்றால் சவர்ராம்புட்டர் என்கிற புளித்த பாலேட்டு வெண்ணெயை வாங்கி மெல்லிய சூட்டில் நீங்களே காய்ச்சுங்கள். நம் வீட்டு வெண்ணெயும் தயிரைக் கடைந்து எடுத்ததுதான் என்பதால் மணம் ஒத்துப்போகும். முருங்கை இலை மட்டும் கிடைக்காது, ஒரு கறிவேப்பிலை போட்டு இறக்குங்கள். புட்டர்மில்ஷ் என்பது மோர். பழம் சேர்க்காத வெறும் மோர்தானா என்று பார்த்து வாங்கினால் மோர்க்குழம்பு பத்து நிமிட வேலை. யோகர்ட்டில் மில்ட் என்று போட்டிருப்பது புளிப்பு குறைந்த ரகம். தயிர் சாதத்துக்கு அந்தச் சொல் இல்லாததைப் பாருங்கள், கொழுப்பு 3.5 சதவீதமாவது இருக்கட்டும்.

காய்கறியில் நூல்கோல் அங்கே கோல்ராபி, எல்லாக் கடையிலும் கிடக்கும், நம் ஊரைவிட இளசாக. வெள்ளை முள்ளங்கி ரெட்டிஷ். இலையுதிர் காலத்தில் ஹொக்கைடோ என்று ஆரஞ்சு நிறத்தில் குட்டிப் பூசணி குவியும், பரங்கிக்காய் சாம்பாருக்கு அது போதும், தோல்கூடச் சீவ வேண்டாம். உறைந்த கீரையில் பிளாட்ஷ்பினாட் வாங்குங்கள், ராம்ஷ்பினாட்டில் கிரீம் கலந்திருக்கும், நான் அதில் பூண்டும் மிளகாயும் தாளித்து மசியல் செய்து ஒரு வேளை சாப்பாட்டைக் கெடுத்தேன்.

இரண்டாவது வகை துருக்கிக் கடை. இதைப் பலர் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். கொத்தமல்லி, புதினா எல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சின்னத் தொட்டியில் நாலு இலையாக விற்கும், துருக்கிக் கடையில் கட்டாகக் கிடைக்கும். கத்தரிக்காய், வெண்டைக்காய், கொண்டைக்கடலை, மூட்டை வெங்காயம், சிவப்பு மைசூர்ப் பருப்பு, கெட்டித் தயிர் வாளி. சீரகமும் இங்கே கிம்யோன் என்ற பெயரில் இருக்கும், குழப்பமே இல்லை. நீளமாகப் பச்சை மிளகாய் இருக்கும், அதில் பெரும்பாலும் காரமில்லை. காரத்துக்குத் தாய்லாந்து மிளகாய்தான், ஆசியக் கடையில் கிடைக்கும்.

மூன்றாவது, இந்தியக் கடையும் தமிழ்க் கடையும். எண்பதுகளிலிருந்து ஈழத்தமிழர்கள் ஜெர்மனியில் குடியேறியிருப்பதால் பெரிய ஊர்களில் அவர்கள் நடத்துகிற தமிழ்க் கடை பெரும்பாலும் இருக்கும், வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் இன்னும் அதிகம். துவரம்பருப்பு, உளுந்து, இட்லி அரிசி, உறைந்த தேங்காய்த் துருவல், உறைந்த முருங்கைக்காய், சின்ன வெங்காயம், இடியப்ப மாவு, கறிவேப்பிலை, எல்லாம் ஒரே இடத்தில். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்பார்கள், பேசுங்கள். அவர்கள் "தூள்" என்று சொன்னால் அது வறுத்து அரைத்த யாழ்ப்பாணக் கறித்தூள், வெறும் மிளகாய்த்தூள் இல்லை. நம் சாம்பாரில் போட்டால் அது சாம்பாராக இருக்காது, ஆனால் கோழிக் குழம்புக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அதே மாநிலத்தில் ஹம் என்ற ஊரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, ராஜகோபுரத்தோடு. கோடையின் தொடக்கத்தில் தேர்த் திருவிழா, அன்னதானம், சுற்றிலும் கடைகள். வாழை இலை வாசனை வேண்டுமென்றால் அந்த நாளைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

சின்ன ஊரில் படிக்கிறவர்களுக்குத் தமிழ்க் கடை ரயிலில் ஒன்றரை மணி நேரம் இருக்கலாம். செமஸ்டர் டிக்கெட், அதாவது மாணவர்களுக்கான பயண அட்டை, அந்த வழிக்குச் செல்லுமென்றால் தனிச் செலவில்லை. மாதம் ஒரு முறை இரண்டு பேராக, ஒரு டிராலியோடு போங்கள். கறிவேப்பிலையை நாலு கட்டு வாங்கி, கழுவி, ஈரம் போக உலர்த்தி, ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்து அப்படியே எண்ணெயில் போடலாம். காயவைத்துப் பாட்டிலில் வைப்பதில் வாசனை போய்விடுகிறது.

5. புகை அலாரம் அடிக்காமல் தாளிப்பது

இதற்குத் தனித் தலைப்பு போடக் காரணம் உண்டு. விடுதிகளில் புகை உணர்வி நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கலாம், வெறும் மிளகாய்ப் புகைக்கு வண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். எங்கள் மாடியில் ஒரு ஞாயிறு காலை காய்ந்த மிளகாய் கருகி, எழுபது பேர் பைஜாமாவோடு பனியில் நின்றோம். மிளகாயைக் கருக்கியது நான் இல்லை, ஆனால் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

முறை இதுதான். முதலில் சமையலறைக் கதவை மூடுங்கள், பிறகு ஜன்னலைத் திறங்கள். பலர் கதவையும் சேர்த்துத் திறக்கிறார்கள், புகை நேராக நடைபாதை உணர்விக்குப் போகிறது. எண்ணெய் காயும்வரை காத்திருக்காமல் லேசாகச் சூடானதும் கடுகைப் போட்டு மூடுங்கள். வெடிப்பது அடங்கும்போது அடுப்பை அணைத்து, பாத்திரத்தையும் நகர்த்திவிடுங்கள். மின்சார அடுப்பு அணைத்த பிறகும் ரொம்ப நேரம் சூட்டை வைத்திருக்கும், கேஸ் பழக்கத்தில் இதை மறப்போம். உளுந்து, மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் அந்த மிச்சச் சூட்டிலேயே பொரியும், மிளகாய் கருகாது.

இன்னொரு குறுக்கு வழி: வாரத்துக்கு ஒரு தடவை பெரிதாகத் தாளித்து, எண்ணெயோடு ஒரு பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது. தயிர் சாதத்துக்கு ஒரு ஸ்பூன், பொரியலுக்கு ஒரு ஸ்பூன். புதிதாகத் தாளித்ததற்கு ஈடாகாது, ஒத்துக்கொள்கிறேன். இரவு ஒன்பதரைக்கு லேபிலிருந்து வந்தவனுக்கு அது போதும்.

6. மாவு, குளிர், ரூஹட்சைட்

தோசை மாவு அங்கே பொங்காது என்பது பாதிதான் உண்மை. மாவுக்கு 26 முதல் 32 டிகிரி சூடு பிடிக்கும், உங்கள் அறையில் 20 இருக்கும். ஹீட்டர் திருகில் 3 என்ற எண் கிட்டத்தட்ட அந்த 20 டிகிரிதான். அதோடு நிறைய கட்டடங்களில் இரவு ஹீட்டிங்கைத் தானாகவே குறைத்துவிடுவார்கள். ஊர்ப் பழக்கத்தில் ராத்திரி அரைத்து வைத்தால் மாவு கொட்டக் கொட்டக் குளிரில் உட்கார்ந்திருக்கும். ராத்திரி பத்துக்கு மேல் மிக்ஸி போடவும் முடியாது. பத்திலிருந்து காலை ஆறு வரை ரூஹட்சைட், அமைதி நேரம். ஞாயிறு முழுக்க அப்படித்தான். ஞாயிறு கடையும் கிடையாது, மிக்ஸியும் கிடையாது என்பதால் சனிக்கிழமைதான் மாவு நாள்.

வெள்ளிக்கிழமை இரவு நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போடுங்கள். கடை உளுந்து பழையதாகத் தோன்றினால் மூன்றுக்கு ஒன்று. இட்லி அரிசி இல்லையென்றால் பார்பாயில்ட் அரிசி ஓடும். காலையில் அரைக்கும்போது உளுந்துக்கு முதலில் குளிர்ந்த நீர் விடுங்கள், மிக்ஸி சூடேறினால் உளுந்து பொங்காது. எல்லாம் கலந்த பிறகு சூடு வேண்டும், அப்போது கொஞ்சம் வெதுவெதுப்பான நீர். கையால் நன்றாகக் கலக்கி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல், ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள். ஓவன் சூடு வேண்டாம், விளக்கின் சூடே அதை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். சில ஓவன்களில் விளக்கே அதிகமாகச் சுடும், அப்போது கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டி. பொதுச் சமையலறை என்றால் ஓவன்மேல் பெயரெழுதி ஒரு தாள் ஒட்டுங்கள். ஒட்டாத ஒரு சனிக்கிழமை யாரோ பீட்சாவுக்காக 220 டிகிரி வைத்து, என் மாவு பெரிய ஒரே இட்லியாக வெளியே வந்தது.

குளிர்காலத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். பொங்கியதும் ஃப்ரிட்ஜ். இட்லிக்கு அவசரப்படாதீர்கள், முதல் மூன்று மாதம் தோசை மட்டும் என்று வைத்துக்கொண்டால் மனம் உடையாது. கல்லுக்குப் பதில் கனமான தட்டை அடி நான்-ஸ்டிக் தவா போதும்.

பருப்பு விஷயம் ஒன்று. பல ஊர்களில் தண்ணீர் கடினம், கெட்டிலில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். துவரம்பருப்பு குக்கரில் அஞ்சு விசில் விட்டும் முழித்துக்கொண்டிருந்தால் காரணம் அதுதான். முன்கூட்டி ஊறவைத்து, ஒரு சிட்டிகை நாட்ரோன், அதாவது சமையல் சோடா, போடுங்கள். புளியை பருப்பு வெந்த பிறகு மட்டும். அவசரத்துக்கு சிவப்பு மைசூர்ப் பருப்பு, பதினைந்து நிமிடத்தில் குக்கரே இல்லாமல் வெந்துவிடும்.

7. ஒரு வாரம் எப்படி ஓடும்

விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கிய வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும், அதில் வாடகை பெரும்பங்கு. தினமும் இந்திய ஹோட்டல் கட்டுப்படியாகாது, போனாலும் பெரும்பாலும் எல்லாக் குழம்பிலும் ஒரே கிரீம்தான். மதியம் மென்சாவில், அதாவது பல்கலைக்கழக உணவகத்தில், சாப்பிடுங்கள். மாணவர்களுக்குச் சலுகை விலை, சைவ உணவும் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் சூப்பிலும் உருளைக்கிழங்கிலும் ஷ்பெக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், அது பன்றிக் கொழுப்பு. பார்க்கப் பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கிற லின்சன்சூப்பின் அடியில் சாசேஜ் கிடக்கும். மென்சா சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் இருக்கும் என்று எல்லோரும் புலம்புவார்கள், பையில் ஒரு சின்ன டப்பா இட்லிப் பொடி வைத்திருங்கள். வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் தூவிச் சாப்பிட்டால் அது வேறு ஜென்மம்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சனிக்கிழமை ஒரு புளிக்காய்ச்சல் அல்லது வத்தக்குழம்பு, ஒரு தக்காளித் தொக்கு. மூன்றும் ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். சாதம் மட்டும் அன்றன்றைக்கு. மிச்சமான சாதத்தை ராத்திரி முழுக்க வெளியே வைக்காதீர்கள். வெந்த சாதத்திலும் சாகாத ஒரு பாக்டீரியா வகை உண்டு, சூடு பண்ணினாலும் அதன் நச்சு போகாது. ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டால் ரொம்ப நாள் ஓடாது, மூன்றாவது வாரத்தில் பிரெட்டுக்கு இறங்கிவிடுவீர்கள். வெள்ளிக்கிழமை இரவு யாரையாவது கூப்பிடுங்கள், தமிழராக இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் மாடியில் ஒரு ஈரான் பெண் சாதத்தின் அடியில் பிடிக்கிற பொருக்கை வேண்டுமென்றே முறுக வைத்துப் பரிமாறுவார். என் வீட்டில் சண்டை போட்டுச் சுரண்டித் தின்பதை அவர்கள் விருந்தாளிக்கு வைக்கிறார்கள்.

8. காய்ச்சல் வந்தால்

ஏக்கம் உச்சத்தில் இருப்பது உடம்பு சரியில்லாத நாளில்தான், அன்றைக்குக் கடைக்குப் போக முடியாது, வெட்டவும் நிற்கவும் தெம்பிருக்காது. அதற்காக ஒரு டப்பாவைத் தனியாக வைத்திருங்கள், சாதாரண நாளில் தொடக்கூடாது. உள்ளே மில்ஷ்ரைஸ் அரைக் கிலோ, பாசிப்பருப்பு ஒரு பிடி, ரசப்பொடி, புளி, மிளகும் சீரகமும் பொடித்தது, சுண்டைக்காய் வத்தல், சுக்கு.

ரசம் இப்படி: 15 கிராம் புளியை அரை லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஒரு தக்காளியைக் கையாலேயே பிசைந்து போட்டு, உப்பு, மஞ்சள், ஒரு ஸ்பூன் ரசப்பொடி. பச்சை வாசனை போக ஏழெட்டு நிமிடம் கொதிக்கட்டும். நாலு பல் பூண்டைத் தோலோடு தட்டி, மிளகு சீரகப் பொடி ஒரு ஸ்பூனோடு சேர்த்து, இன்னொரு டம்ளர் தண்ணீர் விடுங்கள். இனி கொதிக்கக்கூடாது, நுரை கட்டி விளிம்புக்கு ஏறும்போது நகர்த்திவிட வேண்டும். மின்சார அடுப்பில் அணைத்தால் மட்டும் போதாது, நகர்த்த வேண்டும், திரும்பவும் சொல்கிறேன். மேலே ஃப்ரிட்ஜில் இருக்கிற தாளிப்பு ஒரு ஸ்பூன்.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டே செய்யலாம், எனக்கு அது ஒத்துவரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நான் நிற்பதைப் பார்த்து அம்மா அழ, பால் பொங்குவதுபோல் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது. குடித்து முடித்துவிட்டுக் கூப்பிடுவது நல்லது.

9. இரண்டாவது முறை போகும்போது

முதல் விடுமுறைக்கு ஊர் வந்து திரும்பும்போது உங்கள் பட்டியல் சுருங்கியிருக்கும். எனக்கு முதல் பயணத்தில் சாப்பாட்டுச் சாமான் மட்டும் பதினாலு கிலோ. இரண்டாவது முறை நான் எழுதியது: சாம்பார் பொடி, ரசப்பொடி, பழைய புளி, கட்டிப் பெருங்காயம், இரண்டு வத்தல், குக்கர் கேஸ்கெட். ஆறு கிலோகூட வரவில்லை. மிச்சமிருந்த இடத்தை அம்மா என்னைக் கேட்காமலேயே நிரப்பிவிட்டார். விமான நிலையம் போகும் வழியில் சந்தேகம் வந்து காரை ஓரங்கட்டி, டிக்கியில் பெட்டியைத் திறந்து, போர்வைக்குள் சுற்றியிருந்ததைப் பிரித்துப் பார்த்தோம். நெய்தான், ஒரு லிட்டர். அதை அப்பா மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.